ஓடும்போது மறந்துபோகிற காற்சட்டை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் பெறாமகள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய பை. பைக்குள் கடுநீல நிறத்தில் துணியும் ஒரு கொப்பியும் இருந்தன.

"பெரியம்மா, எங்கட பிள்ளையளுக்கு உதைபந்து விளையாடக் காற்சட்டை தைக்க வேணும். கடையில வாங்கினது ஒண்டும் சரிவரேல்லை" என்றாள்.

அவள் இப்போது ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் உதைபந்தாட்டம் பழக்குகிறாள். கொப்பியில் பதினான்கு பிள்ளைகளின் இடுப்பளவும் நீளமும் எழுதியிருந்தன. ஒவ்வோர் அளவுக்கும் கீழே இன்னொரு வரியும் இருந்தது. "முழங்கால் மூட வேணும்." "உள்ளுக்கு ரைற்ஸ் போடுவன்." "கட்டையாய் இருந்தாலும் பரவாயில்லை, இறுக்கக் கூடாது." "வெள்ளை வேண்டாம்." வெள்ளை வேண்டாம் என்று ஒன்பது பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒன்பது வரிகளையும் வாசித்தபோது 2014 ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. அப்போது இவளுக்கு வயது பதினான்கு.

2009 இல் இவளுக்கு ஒன்பது வயது. இடம்பெயர்ந்து போகும்போது செல் துண்டொன்று இடது தொடையில் பட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு பாடசாலையில் பெண்களுக்கு உதைபந்தாட்டம் தொடங்கினார்கள். இவள் நன்றாக ஓடுவாள். பின்வரிசையில் நின்று பந்தைத் தடுக்கும் இடம் இவளுக்குக் கிடைத்தது. தகப்பன் இல்லாத பிள்ளை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மைதானத்தில்தான்.

திடீரென்று ஒருநாள் பயிற்சிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. "தலையிடியாம்" என்றாள் என் தங்கை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. "சாமத்தியப்பட்ட பிள்ளை காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடுறதை எத்தினை பேர் பாக்கினம் அக்கா. தானாய் விட்டிட்டாள். நல்லதுக்குத்தான்" என்றாள். நானும் மறுத்துப் பேசவில்லை.

பொத்தான் தைக்க உதவிக்கு என்று பிள்ளையை என்னோடு இருத்தினேன். இரண்டு நாட்கள் பேசாமல் தைத்தாள். மூன்றாம் நாள் தன் பையிலிருந்து ஒரு காற்சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த தொகுதியில் வந்தது. ஆண் பிள்ளைகளின் அளவு. மெல்லிய வெள்ளைத் துணி. இடுப்பில் தொளதொளவென்று இருந்தது, இடைக்குக் கீழே பிடித்தது.

"பெரியம்மா, ஓடினால் தழும்பு தெரியுது. வேர்த்தால் எல்லாம் தெரியுது. அந்த நாளில எண்டால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை" என்றாள்.

சகோதரிகளே, அந்தக் கடைசி வசனம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வசனம். முகாமில் எங்களுக்கும் உடுப்புத் தந்தார்கள். எனக்குக் கிடைத்த சட்டைக்குள் என்னைப் போல் இரண்டு பேர் புகலாம். ஊசி குத்திக்கொண்டு உடுத்தேன். தந்தவர்களுக்கு நன்றி சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனாலும் நீ எந்த அளவு, உனக்கு எது வேண்டும் என்று எவரும் கேட்காத அந்த நாட்களில், உடுப்போடு சேர்ந்து நானும் யாரோ ஒருத்தியாகிவிட்டேன். அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொன்னாள்.

முதலில் நான் செய்த வேலை பிழைத்துப்போனது. வெள்ளைக் காற்சட்டைக்குள் போடக் கறுப்பு ரைற்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போட்டி நாளில் மத்தியஸ்தர் அதைக் கழற்றச் சொன்னார். உள்ளே அணிவது காற்சட்டையின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அவரில் பிழையில்லை, எனக்குத்தான் விதி தெரியவில்லை. பிள்ளை வெறும் வெள்ளைக் காற்சட்டையோடு இறங்கினாள். ஒரு கையால் விளிம்பைக் கீழே இழுத்துப் பிடித்தபடியே முழு ஆட்டமும் ஓடினாள். ஒரு கை இல்லாமல் ஓடியதற்குச் சமம் அது.

அதன் பிறகு ஐந்து தாய்மார் சேர்ந்து ஆசிரியையிடம் போனோம். "எல்லாருக்கும் ஒரே கடும் நிறத்தில் நாங்கள் தைத்துத் தருகிறோம்" என்றோம். அவர் உடனே ஒத்துக்கொண்டார். மாதர் சங்கத்துச் சேமிப்பிலிருந்து துணிக்குப் பணம் எடுத்தோம். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு அளவெடுத்தோம். என் பெறாமகளுக்கு முழங்கால் வரை நீளம் வைத்து, உள்ளே அதே நிறத்தில் ரைற்ஸ் கொடுத்தேன்.

அடுத்த போட்டிக்கு என் தங்கையும் வந்தாள். உள்ளே வராமல் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். முடிந்து வரும்போது, "காற்சட்டை எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். "அதை எங்க பார்த்தன்? பந்தைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்" என்றாள்.

அன்றைக்கு நான் விளங்கிக்கொண்டதைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்ல வந்தேன். விளையாட்டுக்குச் சரியான காற்சட்டை என்பது, போட்டிருக்கும் பிள்ளை ஓடும்போது மறந்துபோகிற காற்சட்டை. எது அப்படி மறக்கவைக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆகவே அவளைக் கேட்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

உதைபந்தாட்ட விதிகளில் நான்காவது விதி உடையைப் பற்றியது. கையுள்ள மேற்சட்டை, காற்சட்டை, காலுறை, முன்னங்காலுக்குக் காப்பு, சப்பாத்து ஆகிய ஐந்தும் கட்டாயம். காற்சட்டை எவ்வளவு கட்டையாக இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. ஆகவே முழங்கால் மூடும் நீளம் விதிக்கு எதிரானது அல்ல. உள்ளே ரைற்ஸ் போடலாம். அது காற்சட்டையின் பிரதான நிறத்தில், அல்லது காற்சட்டையின் அடி விளிம்பு நிறத்தில் இருக்க வேண்டும். ஒரே அணியில் ரைற்ஸ் போடுகிற எல்லோரும் ஒரே நிறத்தில் போட வேண்டும். பந்துக் காப்பாளர் நீளக் காற்சட்டை அணியலாம். தலையை மூடி விளையாடவும் 2014 ஆம் ஆண்டிலிருந்து அனுமதி உண்டு. முஸ்லிம் சகோதரிகளின் பிள்ளைகளுக்கு இது முக்கியமான செய்தி.

ஆகவே "விதி விடாது" என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று பணிவாகக் கேளுங்கள். சில போட்டிகளுக்கு ஒழுங்கமைப்பாளர்கள் தனியாக ஏதும் அறிவித்திருப்பார்கள். அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எங்களுக்கு மட்டுமா இந்தப் பிரச்சினை?

வசதியான நாடுகளிலும் இதே கதைதான். 2004 ஆம் ஆண்டு உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த செப் பிளாற்றர், பெண்கள் இன்னும் இறுக்கமான காற்சட்டை போட்டு விளையாடினால் ஆட்டம் கவர்ச்சியாக இருக்கும் என்ற கருத்தில் பேசினார். வீராங்கனைகள் கடுமையாக எதிர்த்தார்கள். 2021 ஆம் ஆண்டு நோர்வே நாட்டின் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனைகள், விதித்திருந்த சிறிய உள்ளாடை போன்ற உடையை மறுத்துக் காற்சட்டை அணிந்து விளையாடினார்கள். அவர்களுக்கு 1,500 யூரோ தண்டம் விதித்தார்கள். உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த விதியே மாற்றப்பட்டது.

வெள்ளைக் காற்சட்டையின் கதையும் அப்படித்தான். இங்கிலாந்துப் பெண்கள் அணியினர் 2022 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றவர்கள். அவர்களும் மாதவிடாய் நாட்களில் வெள்ளையோடு விளையாடுவது மனதுக்குச் சங்கடம் என்று சொன்னார்கள். 2023 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு அவர்களுக்கு நீலக் காற்சட்டை வந்தது. நியூசிலாந்து அணியும் அந்த உலகக் கிண்ணத்தில் வெள்ளைக் காற்சட்டையைக் கைவிட்டது.

இதை என் தங்கைக்குச் சொன்னபோது அவள் வியந்துபோனாள். "அவையளுக்கும் அந்தப் பயமோ?" என்றாள். ஓம் சகோதரி, அவர்களுக்கும் அந்தப் பயம்தான். அவர்கள் வாய் திறந்து சொன்னார்கள், அதனால் மாறியது.

கடையில் வாங்கும்போது

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணளவில் வாங்கி வந்து கொடுக்காதீர்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று போட்டிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வோர் அளவில் தைக்கிறது. விளையாட்டுக் காற்சட்டைகளில் அனேகமானவை ஆண்களின் உடலமைப்புக்கு வெட்டியவை. இடுப்புச் சரியாக இருந்தால் இடை பிடிக்கும், இடை சரியாக இருந்தால் இடுப்பு வழுகும். அப்படியானால் இடைக்குச் சரியானதை எடுங்கள். இடுப்பை இலாஸ்ரிக் மாற்றிச் சரிப்படுத்தலாம். இடையைப் பெரிதாக்க முடியாது.

போட்டுப் பார்க்க விட்டால், பிள்ளை நான்கு காரியம் செய்து பார்க்கட்டும். குந்தி எழும்ப வேண்டும். ஒரு முழங்காலை நெஞ்சு வரை தூக்க வேண்டும். ஓர் எட்டு அகலமாகக் கால் வைக்க வேண்டும். நின்ற இடத்தில் பத்துத் தரம் துள்ள வேண்டும். பின்பக்கம் இறங்கக் கூடாது. தொடையில் பிடிக்கக் கூடாது. இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் இலகுவாகப் போக வேண்டும். அதற்கு மேல் போனால் தொளதொளப்பு.

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே வைத்த விரல்கள் தெரிந்தால் அது வேர்வையில் இன்னும் நன்றாகத் தெரியும். உட்பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள். முரடாக இருந்தால் ஓடும்போது உள்தொடை உரஞ்சிப் புண்ணாகும். தழும்பு உள்ள பிள்ளைகளுக்கு, அல்லது உடம்புக்குள் செல் துண்டு இன்னும் இருக்கும் பிள்ளைகளுக்கு, தையலோ இறுக்கமான விளிம்போ அந்த இடத்தில் படாமல் பார்க்க வேண்டும். விளையாடிய பிறகு அந்த இடம் நொந்தால், வீங்கினால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பருத்தி நல்லதுதானே என்று நினைப்போம். வீட்டுக்கு நல்லது. மைதானத்தில் அது வேர்வையைக் குடித்துப் பாரமாகி உடம்போடு ஒட்டும். மெல்லிய பின்னல் பொலியெஸ்ரர் வேர்வையைத் தாங்கி வைக்காது, கெதியாகக் காயும். உள்ளாடை மட்டும் பருத்தியாக இருக்கட்டும். பொக்கற், சிப், உலோகப் பொத்தான் ஒன்றும் வேண்டாம். விழுந்தால் குத்தும். நிறம் கடுநீலம், கறுப்பு, கடும்பச்சை போன்றதாக இருந்தால் மாதவிடாய் நாளிலும் பிள்ளை தைரியமாக ஓடுவாள். அந்த நாட்களில் நப்கின் விலகாமல் இருக்க, உடம்போடு ஒட்டிய உள் ரைற்ஸ் உதவும்.

வீட்டில் தைக்கும்போது

அளவு மூன்று போதும். இடுப்பு ஒன்று. இடையின் ஆக அகலமான இடம் ஒன்று. மூன்றாவது, பிள்ளையைத் தட்டையான கதிரையில் நிமிர்ந்து இருக்கச் செய்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து கதிரைப் பலகை வரை எடுக்கும் அளவு. பலரும் இந்த மூன்றாவதை எடுப்பதில்லை. கவட்டில் பிடிப்பதும் கிழிவதும் அதனால்தான். அந்த அளவோடு ஓர் அங்குலம் கூட்டுங்கள். இடையளவோடு நான்கு அங்குலம் கூட்டுங்கள். நீளத்தை நீங்கள் முடிவு செய்யாமல் பிள்ளையைக் கேளுங்கள். எங்கே முடிய வேண்டும் என்று அவளே விரலால் தொட்டுக் காட்டட்டும்.

கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். அந்த இடத்தில் மூன்று அல்லது நான்கு அங்குலத்தில் சாய்சதுரத் துண்டொன்று வைத்துத் தைத்தால் கால் தாராளமாக விரியும், கிழியாது. பக்கத் தையலின் அடியில் ஓர் அங்குலம் வெட்டு விடலாம். உள்ளே ரைற்ஸ் போடாத பிள்ளைக்கு வெட்டு வேண்டாம்.

இடுப்புக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகல இலாஸ்ரிக் வாங்குங்கள். மெல்லியது சுருண்டு வயிற்றை வெட்டும். இடுப்பளவிலும் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டுங்கள். உள்ளே ஒரு நாடாவும் போட்டு விடுங்கள். வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் போடுவாள். அடி மடிப்பையும் இரண்டு அங்குலம் விட்டால் பிறகு இறக்கலாம்.

பின்னல் துணியை நேர்த்தையலில் தைத்தால் இழுபடும்போது நூல் அறும். மிசினில் வளைதையல் இருந்தால் சிறிதாக வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் துணியைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இரட்டைத் தையல் போடுங்கள். பின்னல் துணிக்கென்று மொட்டை முனை ஊசி இருக்கிறது. சாதாரண ஊசி துணியில் ஓட்டை விழுத்தும்.

இரத்தம் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் உடனே ஊறவைத்துச் சவர்க்காரம் போடுங்கள். சுடுதண்ணீர் கறையைப் பிடித்துவிடும். விளையாடி வந்த காற்சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைக்காமல் அன்றைக்கே அலசி நிழலில் காயவிடுங்கள். சூடான ஸ்திரிக்கைப்பெட்டி பொலியெஸ்ரரை உருக்கும், இலாஸ்ரிக்கையும் கெடுக்கும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கும் தெரியும். துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "காற்சட்டை வேண்டாம்" என்பதற்கும் "விளையாட வேண்டாம்" என்பதற்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறது. நீளம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, உள் ரைற்ஸ் இருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் நாடறியப் பெயர் எடுத்தவர்கள். அவர்களும் எங்கள் போன்ற தாய்மாரின் பிள்ளைகள்தான்.

உங்கள் பிள்ளை திடீரென்று மைதானத்துக்குப் போகாமல் விட்டால், தலையிடி என்று சொன்னால், ஒருமுறை அவளுடைய காற்சட்டையை எடுத்துப் பாருங்கள். காரணம் அதற்குள் இருக்கலாம். இல்லாவிட்டாலும், அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மற்றதையும் சொல்லுவாள்.

பதினான்கு காற்சட்டைகளில் பதினொன்று தைத்து முடிந்துவிட்டது. நேற்று அந்தக் கொப்பியை மறுபடி பார்த்தேன். இடுப்பு, இடை, நீளம் என்று கோடு போட்டு, நாலாவது நிரலுக்கு என் பெறாமகள் எழுதியிருந்த தலைப்பு இதுதான்: "உனக்கு எப்பிடி வேணும்?"

அவளுடைய காற்சட்டையும் இந்தக் கட்டுக்குள் ஒன்று. இந்த முறை என்ன நீளம் என்று கேட்டேன். "முழங்காலுக்கு மேல நாலு விரல் பெரியம்மா. ஓட வசதி" என்றாள். தழும்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு விரல் அளந்து வெட்டினேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.